உறுமலில் ஓர் உபநிடதம்: ருத்ரா இசைக்குழுவை முன்வைத்து

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, பேரவையின் மாணவர் கருத்தரங்குக்கு ஒரு கட்டுரைத் தலைப்பு கொடுத்தேன். 'சிங்கப்பூர்த் தமிழ் இளையர்களின் மெட்டல் இசை' என்பது தலைப்பு. செயற்குழுவில் இருந்த அண்ணன் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "தம்பி, இது தமிழா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தலைப்பை மாற்றிக்கொண்டு, சிங்கப்பூர்ச் சிறுகதைகளில் தேக்கா என்று எதையோ எழுதிக் கொடுத்தேன். அந்தக் கட்டுரையை இன்று நானே படிக்க மாட்டேன். அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. இப்போது முன்னாள் மாணவன் என்ற தகுதியில் இதழுக்கு எழுதக் கேட்டிருக்கிறார்கள். பழைய கடனைத் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

நான் எழுத நினைத்த குழுவின் பெயர் ருத்ரா. 1992-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. பாடுபவரும் பேஸ் கிட்டார் வாசிப்பவரும் கதிர், டிரம்ஸ் வாசிப்பவர் சிவா. கிட்டார் கலைஞர்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார்கள். 1998-இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தொகுப்பு வந்தது. 2001-இல் 'தி ஆரியன் குருசேட்', 2003-இல் 'குருக்ஷேத்ரா', 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்ற பொதுத் தலைப்பில் மூன்று தொகுப்புகள் என்று வரிசை நீண்டது. தங்கள் இசைக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'வேதிக் மெட்டல்'. உலகெங்கும் இந்த வகை இசையைத் தேடிக் கேட்பவர்கள் இந்தப் பெயரை அறிவார்கள். தேக்காவில் நின்று பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

இரைச்சலுக்கும் இலக்கணம் உண்டு

மெட்டல் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் வாசகர்களுக்காகச் சற்று அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

இந்த இசை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தொழிலாளர் வட்டாரத்தில் பிறந்தது. பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் சிக்கி வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இழந்தவர். அவர் இடக்கைக்காரர். கம்பிகளை அழுத்த வேண்டிய கை அந்தக் கைதான். வலி குறைய மெல்லிய கம்பிகளைப் போட்டார், பிறகு கம்பிகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். தளர்ந்த கம்பி தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். இன்று உலகமெங்கும் மெட்டல் கிட்டார் தாழ்ந்த சுருதியில் உறுமுவதற்கு ஓர் ஆலை விபத்தும் காரணம்.

1970-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டின் முதல் பாடலை நம் சுரக் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன். ச, மேல் ச, பிறகு பிரதி மத்திமம். முதன்மையாக மூன்றே ஒலி. அந்த மூன்றாவதை ஐரோப்பியர்கள் சாத்தானின் இடைவெளி என்று அழைத்தார்கள். நம்மிடம் அதே இடைவெளி கல்யாணியில் மங்கலமாக ஒலிக்கிறது. ஒரு சுரத்தைக் கேட்டு அஞ்சுவதா மகிழ்வதா என்பது வளர்ந்த வீட்டைப் பொறுத்தது போலும்.

அதன் பிறகு எல்லாம் வேகம். நியூகாசிலின் வெனம் குழு 1982-இல் 'பிளாக் மெட்டல்' என்று ஓர் இசைத்தட்டுக்குப் பெயர் வைத்தது, அது பின்னாளில் ஒரு வகைக்கே பெயரானது. கலிபோர்னியாவின் ஸ்லேயர் 1986-இல் வெளியிட்ட 'ரெய்ன் இன் பிளட்' முழுத் தொகுப்பும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1987-இல் ஃபுளோரிடாவின் டெத் குழுவும் பர்மிங்காமின் நேபாம் டெத் குழுவும் தத்தம் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தன. பிரேசிலில் செபுல்துரா குழு மலிவான கருவிகளை வைத்துக்கொண்டு இதே வேகத்தைப் பிடித்தது.

டிரம்ஸில் இவர்கள் புகுத்திய முறைக்கு 'பிளாஸ்ட் பீட்' என்று பெயர். காலால் ஓர் அடி, கையால் ஓர் அடி, இடைவெளியே இல்லாமல் மாறி மாறி விழும். நிமிடத்துக்கு 200 துடிப்பு என்று வைத்து, ஒவ்வொரு துடிப்பையும் நான்காகப் பிரித்தால் நொடிக்குப் பதின்மூன்று அடிக்கு மேல் வரும். சரளி வரிசையை மூன்றாம் காலத்தில் பாடி மூச்சு வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும்.

குரலைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். "ஏன் இப்படிக் கத்துகிறான்?" அது கத்தல் இல்லை. நம் குரல்நாண்களுக்குச் சற்று மேலே பொய்க் குரல்நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் உண்டு. பேசும்போது அவற்றுக்கு வேலை இல்லை. மூச்சை வயிற்றிலிருந்து தாங்கி, அந்த மடிப்புகளை அதிரவிட்டால் அடித்தொண்டை உறுமல் வரும். முறை தெரியாமல் செய்தால் இரண்டு நாள் பேச முடியாது (அனுபவம்). திபெத்தியத் துறவிகளின் ஆழ்ந்த குரல் ஓதலிலும் இந்த மடிப்புகள்தாம் அதிர்கின்றன. ஆகவே உறுமிக்கொண்டு இறைவனை நினைப்பது உலகில் புதிதன்று.

'உறுமல்' என்ற சொல்லை நான் யோசித்துத்தான் போடுகிறேன். ஆங்கிலத்தில் இந்தக் குரலுக்கு உள்ள பெயரின் நேர்ப்பொருளும் உறுமல்தான். நம்மிடம் அந்தப் பெயரில் ஒரு கருவியே இருக்கிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமவைக்கும் உறுமியைத் தைப்பூசத்தில் கேட்காத தமிழ் மாணவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்க முடியுமா? 'ருத்ர' என்ற வடசொல்லுக்கும் அழுதல், ஓலமிடுதல் என்ற வேரிலிருந்து பிறந்தது என்பதே மரபான விளக்கம். ஓலமிடுபவன் பெயரை வைத்துக்கொண்டு மென்குரலில் பாட முடியாதல்லவா?

தோடியும் கிட்டாரும்

ருத்ராவின் இசையில் ஸ்லேயர், டெத், செபுல்துரா போன்றோரின் வழி வந்த திராஷ், டெத் மெட்டல் அடித்தளம் எவர் காதுக்கும் கேட்கும். அதன்மேல் மந்திர உச்சாடனமும் வடமொழிச் சுலோகங்களும் இந்தியத் தாள வாத்தியங்களும் வருகின்றன. வெளிநாட்டு விமர்சகர்கள் இதைக் 'கலவை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். என் காதுக்கு அவ்வளவு எளிதாகப் படவில்லை.

திராஷ், டெத் மெட்டல்காரர்களுக்கு மிகவும் பிடித்த சுர வரிசை ஒன்று உண்டு. மேலைநாட்டார் அதை ஃபிரிஜியன் என்பார்கள். சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். அதாவது நம் தோடியின் சுரங்கள். கர்நாடக இசையின் பக்கமே போகாத கலிபோர்னியாக்காரன் தோடியின் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான். தென் கரோலினாவின் நைல் குழு எகிப்தியச் சூழலைக் கொண்டுவரக் கையாளும் இன்னொரு வரிசை மாயாமாளவகௌளையை ஒத்தது. நம் பிள்ளைகள் முதல் நாள் பாட்டு வகுப்பில் கற்கும் அதே வரிசை! கோயில் வகுப்பில் என் அக்காள் சரளி வரிசை பாட, பக்கத்து அறையில் நான் அந்தக் குழுவைக் கேட்டுக்கொண்டு, "ஒரே பாட்டுத்தான் அக்கா" என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறேன்.

அக்காள் அடித்ததிலும் நியாயம் உண்டு. சுர வரிசை மட்டும் ராகம் ஆகாது. தோடியின் காந்தாரம் அசையாமல் நின்றால் அது தோடி இல்லை. மேலைநாட்டுக் கிட்டாரின் கட்டைகள் அந்த அசைவுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. எனவே, மெட்டலில் ராகம் வந்துவிட்டது என்று பெருமைப்பட நான் தயாரில்லை. வருவது ராகத்தின் எலும்புக்கூடு. ஆனால் மெட்டலின் எலும்பும் நம் எலும்பும் இவ்வளவு ஒத்திருப்பதால்தான் ருத்ராவின் பாடல்களில் சுலோகம் ஒட்டுப்போட்டதுபோல் தெரிவதில்லை என்பது என் கருத்து.

குறையும் சொல்ல வேண்டும். வேதம் ஓதுவதற்கு உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்று ஒலி ஏற்ற இறக்கம் வகுக்கப்பட்டிருக்கிறது. உறுமலில் அந்த ஏற்ற இறக்கம் நிற்பதில்லை. சில பாடல்களில் ஓதலைத் தெளிந்த குரலில் தனியே வைத்து, உறுமலை ஆங்கில வரிகளுக்கு விட்டிருக்கிறார்கள். அவை எனக்கு நிறைவாக இருந்தன. இரண்டையும் ஒன்றாகக் கொதிக்கவிட்ட இடங்களில் சொல் கரைந்துவிடுகிறது. பாடல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தப் புத்தகம்தான் என்னைப் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெத் மெட்டல் என்றால் பிணமும் புழுவும் என்றிருந்த காலத்தில், 'குருக்ஷேத்ரா'வில் கீதையின் போர்க்களம், 'பிரம்மவித்யா' வரிசையில் உபநிடதங்களின் தத்துவம், 2009 தொகுப்பின் கடைசிப் பாடலில் அஷ்டாவக்கிரர். எட்டுக் கோணல் உடம்போடு பிறந்த ஞானியை மெட்டல் பாட்டாக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பின்னர் 2016-இல் வந்த தொகுப்புக்கு இருமையின் பகைவன் என்று பொருள்படும் பெயர். அத்வைதம் என்ற சொல்லை நான் முதலில் ஒரு மெட்டல் தொகுப்பின் வழியே தேடிப் படித்தேன் என்று என் பேராசிரியரிடம் சொன்னபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் போட்டுக்கொண்டார்.

தங்கள் மண்ணின் பழமையை எடுத்துக்கொண்டு மெட்டல் செய்தவர்கள் வேறு பலரும் உண்டு. சுவீடனின் பாத்தோரி வைக்கிங் கதைகளை எடுத்தது. தைவானின் சோனிக் தீவின் வரலாற்றைப் பாடியது, அதன் பாடகர் ஃபிரெடி லிம் 2016-இல் சட்டமன்றத்துக்கே தேர்வானார். செபுல்துரா 1996-இல் 'ரூட்ஸ்' தொகுப்புக்காக ஷவாந்தே பழங்குடியினருடன் சேர்ந்து ஒலிப்பதிவு செய்தது. ஆனால் அவர்கள் தம் மண்ணில் நின்று பாடினார்கள். ருத்ரா நிற்பது சிங்கப்பூரில். இங்கேதான் சிக்கல். தேசியக் கல்விக் கழகத்தின் இசைத்துறை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன் 2009-இல் ஓர் ஆய்விதழில் எழுதிய கட்டுரையும் இதைத்தான் எடுத்துக்கொண்டது: வேதிக் மெட்டலும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகமும், அடையாளம் பற்றிய சிக்கல்களும். நம் பேரவையில் தலைப்பாகக்கூட நுழையாத விஷயம் அங்கே ஆய்வுப்பொருளாகிவிட்டது.

மேடை

முதன்முதலில் அவர்களை நேரில் பார்த்தபோது நான் தேசிய சேவையில் இருந்தேன். தலையில் முடி இல்லை. மெட்டல் நிகழ்ச்சிக்கு மொட்டைத் தலையோடு போவது கல்யாணத்துக்கு அரைக்காற்சட்டையோடு போவதைப்போல. சிறிய அரங்கு, குளிரூட்டி தோற்றுப்போன வெப்பம். கறுப்புச் சட்டைக் கூட்டத்தில் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். எங்கள் தலைமுறைக்கு இது வியப்பில்லை. 1980களின் மலாய் ராக் அலையில் வளர்ந்தவர்களின் தம்பிகள்தாம் இந்த வட்டாரத்தின் மெட்டலைத் தாங்கினார்கள். மலேசியாவின் குரோமோக் குழுவையே ஆஸ்திரேலியாவில் படிக்கப் போன மாணவர்கள்தாம் 1987-இல் சிட்னியில் தொடங்கினார்கள். பட்டப்படிப்புக்குப் போனவர்கள் செய்த காரியம். பேரவை நண்பர்கள் கவனிக்கவும்.

தமிழ் முகங்கள் பத்துக்குள் இருக்கும். முதல் அடி விழுந்ததும் ஒலி காதுக்கு வருமுன் நெஞ்செலும்புக்கு வந்தது. கூட்டம் சுழன்றது. யாரோ என்னைத் தள்ள, விழப்போனேன். விழுமுன் நான்கு கைகள் தூக்கி நிறுத்தின. "ஓகே தா, பாங்?" என்றது ஒரு குரல். இதுதான் இக்கூட்டத்தின் எழுதாத சட்டம். தள்ளலாம், விழுந்தவரை மிதிக்கக் கூடாது. எனக்குப் பக்கத்தில் ஆடிய மலாய்ப் பையனுக்கு வடமொழியும் தெரியாது, எங்கள் சாமியும் வேண்டாம். டிரம்ஸ் போதும். எனக்கோ ஒவ்வொரு சொல்லும் முட்டிக்கொண்டு நின்றது. அன்றிரவு யார் நன்றாக இசையைக் கேட்டது என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

இந்த மேடைகள் எளிதாகக் கிடைப்பவை அல்ல. மலேசியாவில் 2006-இல் தேசிய ஃபத்வா மன்றம் பிளாக் மெட்டல் இசையை விலக்கப்பட்டது என்று அறிவித்தது. சிங்கப்பூரில் 2019 மார்ச் 7 அன்று சுவீடனின் வட்டெய்ன் குழுவின் நிகழ்ச்சி, மேடையேறச் சில மணி நேரமே இருக்கையில் ரத்து செய்யப்பட்டது. ருத்ரா பாடுவது சாத்தானை அல்ல என்றாலும், வெளியே நிற்பவருக்கு எல்லாக் கறுப்புச் சட்டையும் ஒன்றுதான். உரத்த ஒலிக்கும் உரிமத்துக்கும் உள்ள உறவு நமக்குப் புதியதா? தைப்பூச ஊர்வலத்தில் நெடுங்காலம் வாத்தியம் இல்லாமல் காவடி எடுத்தோம். 2016-இல்தான் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. உறுமி மேளத்துக்கு ஆடும் பையனையும் மெட்டலுக்கு ஆடும் பையனையும் ஒரே அத்தை ஒரே பார்வைதான் பார்க்கிறார்.

ஆரியமா?

2001-ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு வருகிறேன். என் அப்பா சுயமரியாதைக்காரர். பெரியார் 1929-இலும் 1954-இலும் மலாயாவுக்கு வந்த கதைகளைத் தம் அப்பாவிடம் கேட்டு வளர்ந்தவர். என் மேசையில் கிடந்த குறுவட்டின் தலைப்பை ஒருநாள் படித்துவிட்டார்.

"என்னடா இது, ஆரியமா? அதுக்குப் படையெடுப்பு வேறயா?"

'ஆரிய' என்பதற்கு மேன்மையான என்ற பழைய பொருள் உண்டு, பாடல்களைப் படித்தால் அந்தப் பொருள்தான் பொருந்துகிறது, இனப்பெயர் இல்லை என்று நான் விளக்கினேன். இன்றும் என் வாசிப்பு அதுதான். ஆனால் தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932-இல் தோன்றிய ஊரில், அந்தச் சொல்லுக்கு அகராதிப் பொருள் மட்டும் இருக்க முடியாது. தலைப்பு வைத்தவர்கள் இன்னும் யோசித்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

"சரி, மேன்மைன்னே வச்சுக்குவோம். தமிழ்ல பாடினா என்ன குறைஞ்சிடும்?" என்றார் அப்பா.

பேரவை அண்ணன் கேட்டதும் இதே கேள்விதான். அவர்களின் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் அமைந்தவை. தமிழில் இந்த இசைக்குச் சரக்கு இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. நம் தமிழ்த்துறையில் கலிங்கத்துப்பரணி படித்தவர்களுக்குத் தெரியும். களத்தில் பிணங்களுக்கு நடுவே பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியை எந்த டெத் மெட்டல் பாடலாசிரியனும் விஞ்ச முடியாது. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகங்களில் சுடுகாடும் பேயும் ஆடலும் இருக்கின்றன. அதில் அச்சமும் பக்தியும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் பெரியாச்சி மடியில் கிடத்தியவளின் குடலை உருவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நம் தாய்மார் அவளிடம்தான் கைக்குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். இத்தனையும் இருக்க வடமொழிக்குப் போக வேண்டுமா என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஒரு குழு தான் விரும்பியதைப் பாடுகிறது, நீ விரும்பியதைப் பாட நீ ஒரு குழு தொடங்கு என்று யாராவது சொன்னால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அப்பாவிடம் நான் சொன்ன இன்னொன்று உண்டு. என் பாட்டனார் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வேதத்தைக் கேட்டுவிட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். பிரம்மசூத்திர உரையில் சங்கரர் அதை மேற்கோளாக எடுத்துக்காட்டுகிறார். யார் ஓதலாம், யார் கேட்கக்கூடாது என்று அத்தனை காவல் போட்டு வைத்த சொற்களை, வியர்வை நாறும் சிறிய அரங்கில், மலாய்ப் பையன்களுக்கு நடுவே நின்று, நுழைவுச்சீட்டு வாங்கி, பால்மரம் சீவியவரின் பேரன் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். ருத்ரா குழுவினர் இதை இந்த நோக்கத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களின் நோக்கம் தத்துவம். என் காதுக்குள் நடந்தது வேறு.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மெஷினைக் குடு" என்று காதொலிப்பானை வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் ஒலியைப் பாதியாகக் குறைத்தேன். முகத்தைச் சுளித்தார், கண்ணை மூடினார். ஒரு நிமிடம் இருக்கும்.

"பாட்டு ஒண்ணும் புரியல. டிரம் அடிக்கிறவன் நம்ம பையனா?"

"ஆமாப்பா. சிவான்னு பேரு."

"நல்லா அடிக்கிறான்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு, எட்டு மணிச் செய்திக்கு ஒலி 96.8-ஐத் திருப்பப் போனார்.